முகப்பும் பிற்காலச் சேர்க்கைகளும்

சுந்தரவிலாசத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் ஏழு பேர் இரண்டு காரில் வந்து இறங்கியது எண்பத்தொன்றாம் வருஷம், ஓணம் கழிந்த மறு செவ்வாய்க்கிழமை. அன்று மழை. வேலை இல்லாமல் ஞானையன் வீட்டில் இருந்தான். இல்லாவிட்டால் தன் வீடு காப்பாற்றப்படுகிற விஷயம் அவனுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஞானையன் கொத்தனார். மார்த்தாண்டத்துக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து, கல்யாணமான புதிதில் பெண்டாட்டி தங்கபாயை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவன். புத்தன்சந்தைப் பக்கம் ரோட்டைப் பார்த்து நின்ற சுந்தரவிலாசத்தில் ஒரு அறையும் அடுக்களையுமாக ஒரு போர்ஷன் கிடைத்தது. ரோட்டுக் கதவைத் திறந்தால் நேரே அவர்கள் அறை. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் இருந்தார்கள்.

அந்தக் கட்டடத்தை எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி ஆசை ஆசையாகக் கட்டியிருந்தார். ஆசையெல்லாம் முன்பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. அங்கே வளைவு வைத்த ஜன்னல் ஆறு, தேக்குக் கதவு ஒன்று, மேலே சுண்ணாம்புச் சாந்தில் நாலு மயில்கள். பின்னால் எட்டுக் குடும்பங்கள், ஒரு குழாய், ஒழுகுகிற ஓடு.

தங்கபாய்க்குக் கண் தெரியாது. முப்பத்தைந்து வயது வரை தெரிந்தது. பிறகு கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தும் கேட்காமல், ஒரு கிறிஸ்துமசுக்கும் அடுத்த ஈஸ்டருக்கும் நடுவில் இரண்டு கண்ணும் அணைந்துபோயின. ஆனால் அந்த வீட்டுக்குள் இருக்கும்வரை அவளைக் கண் தெரியாதவள் என்று யாராலும் சொல்ல முடியாது. கதவிலிருந்து கட்டிலுக்கு நாலு எட்டு. கட்டிலிலிருந்து அடுப்புக்கு ஏழு எட்டு. மீன் கழுவுவாள், தேங்காய் துருவுவாள், கொதிக்கிற கஞ்சியைச் சிந்தாமல் வடிப்பாள். புதிதாக வந்தவர்கள் அரைமணி நேரம் இருந்து பேசிவிட்டுக் கிளம்பும்போது, மூலையில் வைத்த அவர்களுடைய குடையை அவளே எடுத்து நீட்டுவாள். அவர்கள் ரோட்டில் இறங்கிப் போன பிறகு யாராவது சொன்னால்தான் விஷயம் தெரியும்.

வந்தவர்கள் நகரப் பழமைப் பாதுகாப்புச் சமிதி. தலைவர் பரமேசுவரன் தம்பி, ஓய்வுபெற்ற பெரிய எஞ்சினியர். பேரில்தான் தம்பி, வயது எழுபது. அவர் காரிலிருந்து இறங்கி, மழையில் நனைந்துகொண்டே சுவர் அருகில் போய், இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தார். கன்னத்தையும் வைத்தார். பிறகு அழுதார். சமிதியில் கைக்குட்டை நீட்டுவதற்கென்றே ஒரு உறுப்பினர் இருந்தார், அவர் நீட்டினார்.

அழுது முடித்ததும் தம்பி சாரின் பார்வை கதவில் நின்ற ஞானையன்மேல் விழுந்தது.

"நீ ஆரு?"

"நாங்க இஞ்சதான் தாமசம், சாரே. இந்த ரூமிலதான் குடி."

"எத்தனை காலமாய்?"

"பத்தொம்பது வருஷமாச்சு."

தம்பி சார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "கட்டடத்துக்கு எண்பத்திரண்டு வயது. சரசம்மா, எழுதிக்கொள்."

சரசம்மா சமிதியின் குமாஸ்தா. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரிய ரெஜிஸ்தரில் எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி இருந்தது. இடதுபக்கம் 'காக்கப்பட வேண்டியவை': மயில் நாலு, ஜன்னல் ஆறு, கதவு ஒன்று. வலதுபக்கம் 'பிற்காலச் சேர்க்கைகள், அகற்றத் தக்கவை': தண்ணீர்க் குழாய் ஒன்று, துணிக்கொடி இரண்டு, காலண்டர் ஆணி மூன்று, கொத்தனார் ஒன்று, மனைவி ஒன்று. ஞானையனுக்கு மலையாளம் பேச வருமே தவிர வாசிக்க வராது. அவ்வளவு பெரிய புத்தகத்தில் தன்னையும் சேர்த்து எழுதுகிறார்களே என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

கார்கள் போனதும் உள்ளே ஓடினான்.

"பிள்ளே, நம்ம வீட்ட இனி ஆரும் இடிக்க முடியாது. பெரிய சமிதியாக்கும். அந்த சாரு சொவரப் பிடிச்சு அழுதாரு பாத்துக்கோ."

"கேட்டேன்" என்றாள் தங்கபாய். "ஒழுக்கு அடைச்சுத் தருவாவளா?"

"அதெல்லாம் பையச் செய்வாவ."

"நானும் மழைக்கு மழை இந்தச் சொவரப் பிடிச்சு அழுதிருக்கேன். எனக்கு ஆரும் துண்டு நீட்டல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எட்டு மாதம் கழித்து லிங்கம் மேஸ்திரி வந்து சேதி சொன்னார். லிங்கம் திருநெல்வேலிக்காரர், நகரத்தில் பெரிய கட்டட வேலையெல்லாம் எடுத்துச் செய்கிறவர். ஞானையன் அவரிடம் அடிக்கடி வேலைக்குப் போவான். கட்டடத்தின் சொந்தக்காரர் அதை 'ஆகாசதீபம் ஃபிளாட்ஸ்' என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார். ஒன்பது மாடி வரப்போகிறது. சமிதி முதலில் மறுத்ததாம். முன்சுவரை மட்டும் அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பின்னால் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று பிறகு சம்மதித்துவிட்டதாம்.

"அப்ப வீட்டக் காப்பாத்துவோம்ணு சொன்னாவளே?"

"சொவர காப்பாத்துதாங்கள்லா."

"எங்கள?"

லிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சொவரு இல்லியே, அண்ணாச்சி."

ஞானையன் சட்டை மாற்றிக்கொண்டு சமிதி ஆபீசுக்குப் போனான். பழமையோடு பழகிப் பழகி அதற்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்று ஆபீசைப் புத்தம்புதிய கான்கிரீட் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். சரசம்மா அவனை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னாள். நல்ல பெண். மனு எதுவானாலும் அச்சடித்த பாரத்தில்தான் வர வேண்டும் என்று சொல்லி, ஒரு பாரத்தை எடுத்து, அவளே எழுதித் தர ஆரம்பித்தாள்.

"காக்க வேண்டிய பொருளின் பேரு?"

"பொருளா?"

"பாரத்தில அப்படித்தான் இருக்கு அண்ணா."

"தங்கபாய்."

"வயசு?"

"நாப்பத்தஞ்சு."

சரசம்மா பேனாவை நிறுத்தினாள். "அறுபது தாண்டியிருக்கணும். சரி, அதைப் பிறகு பார்க்கலாம். அசையுமா, அசையாததா?"

"வீட்டுக்குள்ள நல்லா அசைவா. வெளிய எறங்கினா அசைய மாட்டா."

சரசம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அசையாப் பொருளுக்குத்தான் சமிதியில் இரக்கம் அதிகம் என்று அவளுக்குத் தெரியும். 'அசையாதது' என்று எழுதிவிட்டாள்.

மனு அடுத்த கூட்டத்துக்கு வந்தது. ஞானையனையும் கூப்பிட்டார்கள். நீள மேசை, ஏழு பேர், ஏழு தட்டில் வாழைக்காய் வறுவல். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னான். ஒன்பது மாடி கட்டட்டும். கதவுக்குப் பின்னால் அந்த ஒரு அறையையும் அடுக்களையையும் மட்டும் விட்டுவிட வேண்டும். அவளுக்குப் பத்து வருஷமாகக் கண் தெரியாது. அந்த வீட்டில்தான் அவளுக்குக் கண்.

தம்பி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டை வந்தது.

"கண் தெரியாதவள்!" என்றார். "யோசித்துப் பாருங்கள். நகரமே நின்று பார்த்துவிட்டுப் போகிற ஒரு முகப்பு. அதன் பின்னாலேயே ஒருத்தி, அதை ஒரு தடவைகூடப் பார்க்க முடியாமல் பத்து வருஷம். அந்த முகப்புக்கு எவ்வளவு பெரிய அவமானம்! ஞானையா, உன் சங்கடம் எனக்கு மனசிலாகிறது. ஆனால் நீ கொத்தனார், உனக்குச் சொன்னால் புரியும். ஒரு ஆளை நாம் எதை வைத்து அறிகிறோம்? முகத்தை வைத்து. குடலை வைத்தா? இல்லை. முகத்தைக் காப்பாற்றினால் ஆளைக் காப்பாற்றிய மாதிரி. பிறகு, உன் மனைவிக்கு எந்த வீடும் ஒன்றுதானே. பார்வை உள்ள ஒருத்தியை அந்த மயில்களிடமிருந்து பிரிப்பது என்றால் எனக்கே மனசு வராது. இவள் விஷயத்தில் தெய்வம் நமக்கு அந்தக் கஷ்டத்தை வைக்கவில்லை."

சமிதி தன் ஆழ்ந்த அனுதாபத்தை ஏகமனதாகத் தீர்மானமாக நிறைவேற்றியது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்து, முத்திரை குத்தி, ஒரு பிரதியை ஞானையனிடம் கொடுத்தார்கள். இரண்டையும் அவனால் வாசிக்க முடியவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

கரமனை ஆற்றுப் பக்கம் ஒரு அறை கிடைத்தது. சாமான் ஏற்றின அன்று தங்கபாய் சுந்தரவிலாசத்தின் ஒவ்வொரு சுவரையும் ஒரு தடவை தொட்டாள். யாரும் அவளைப் படம் எடுக்கவில்லை.

புது அறையில் முதல் வாரமே மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். இரண்டாம் வாரம் வாசல் ஓடையில் விழுந்தாள். ஞானையன் கட்டில் காலிலிருந்து அடுப்பு வரைக்கும், அங்கிருந்து கதவு வரைக்கும் கயிறு கட்டிக் கொடுத்தான்.

"மாட்டக் கெட்டின மாதிரி இருக்கு" என்றாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான் பிள்ளே."

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டுகளை எண்ணினாள். எண்ணி எண்ணி, ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, ஒருநாள் காலையில் அவன் கண் விழித்தபோது கயிறெல்லாம் அவிழ்ந்து சுருட்டி மூலையில் கிடந்தது. அடுப்புப் பக்கமிருந்து கட்டன்காப்பி டம்ளர் நேரே அவன் கைக்கு வந்தது.

அந்த மழைக்காலத்தில் வேறு எங்கும் வேலை இல்லை. லிங்கம் மேஸ்திரி ஆள் அனுப்பினார். எங்கே வேலை என்று தெரிந்துதான் ஞானையன் போனான். தங்கபாயிடம் வஞ்சியூரில் என்று சொன்னான்.

சுந்தரவிலாசத்தில் இப்போது முன்சுவர் மட்டும் நின்றது. பின்னால் இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆகாசம் தெரிந்தது. சமிதி தினமும் வந்தது. சாரம் கட்டும்போது ஒரு மயிலின் மூக்கு உடைந்துவிட, வேலையை நிறுத்தி எல்லோரும் இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். எட்டுக் குடும்பங்கள் போனபோது அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதி இருக்கவில்லை என்று ஞானையன் நினைத்துக்கொண்டான். பெயர்ந்த இடத்தில் அவன் புதிதாகப் பூசினது பளிச்சென்று இருந்ததால், அதைப் பழசாக்க ஒரு உபசமிதி போட்டார்கள். தேயிலைத் தண்ணீர் அடிக்கச் சொன்னார்கள், அடித்தான். பாசி பிடிக்கட்டும் என்று கஞ்சித் தண்ணீரும் மோரும் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினான். பாசி சரியான பிராயத்துக்கு வந்துவிட்டதா என்று தம்பி சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கதவின் கீலுக்கு ஒரு வேலைக்காரன் எண்ணெய் விட்டுவிட்டான். அந்தக் கிறீச் சத்தம் பாதுகாக்கப்பட்ட ஒலி என்று அவனைத் திட்டி, எண்ணெயைத் துடைத்து எடுக்க வைத்தார்கள்.

கடைசியில் லிங்கம் வந்து, "அண்ணாச்சி, கதவுக்குப் பின்னால ஒரு எட்டு விட்டு சொவரு வேணும்" என்றார். ஒன்பது மாடிக்கும் தண்ணீர் ஏற்றுகிற தொட்டி அங்கே வருகிறது. குடியிருக்கிறவர்களுக்கு வழி பக்கத்துச் சந்தில்.

"பின்ன கதவு எதுக்கு?"

அருகில் நின்ற தம்பி சார் அதற்குப் பதில் சொன்னார். "கதவு கதவாகவே இருக்கும். விசேஷ நாளில் திறப்போம். சுவருக்குக் கறுப்புப் பெயிண்ட். ரோட்டில் நிற்கிறவனுக்கு உள்ளே இருட்டாகத் தெரியணும். பழைய வீடுகளின் அழகே அந்த இருட்டுதான்."

ஞானையன் நூல் பிடித்தான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தான். ஒன்றரை நாள் வேலை. அவன் கட்டில் கிடந்த இடத்துக்கு மூன்று எட்டு முன்னால், செங்கல்மேல் செங்கல் வைத்து ஏற்றிக்கொண்டே வந்தான். கண் உயரத்துக்கு வந்தபோது கொஞ்ச நேரம் நிறுத்தி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். தொட்டிக்குத் தோண்டின குழியில் மழைத்தண்ணீர் நின்றது. பிறகு மீதியையும் கட்டினான். சுவர் நேராக வந்திருக்கிறது என்று லிங்கம் பாராட்டினார்.

எண்பத்தைந்தில் திறப்பு விழா. பழமை விழாவில் பழமைக்காரர் ஒருவர்கூட இல்லாமல் எப்படி என்று சமிதிக்கு ஒரு கவலை வந்தது. ரெஜிஸ்தரைப் புரட்டி, முன்பு அங்கே குடியிருந்த யாராவது ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று தீர்மானித்தார்கள். சரசம்மா விலாசம் விசாரித்துக்கொண்டு கரமனைக்கு வந்தபோது ஞானையன் வேலைக்குப் போயிருந்தான்.

சாயங்காலம் அவன் வரும்போது தங்கபாய் பெட்டியைத் திறந்து, கோயிலுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"நம்ம கதவத் தொறக்கப் போறாவளாம். என்னயத்தான் முதல்ல விளிச்சிருக்காவ."

"வேண்டாம் பிள்ளே. வெயிலு, கூட்டம்."

"அத்தன காலம் இருந்த வீடு. ஒருக்கா உள்ள கேறிட்டு வந்திரலாம்."

"உள்ள ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாட்டாலும் எனக்கு எடம் தெரியுமே."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தால் வஞ்சியூர்ப் பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சுவர் யார் கட்டினது என்பதில் போய் முடியும். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தான். மறுநாளும் அப்படியே வைத்தான். அவள் சேலைக்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

விழாவில் பந்தல், மைக், முன்வரிசையில் சோபா. மந்திரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, தாமதம்தான் நம் பாரம்பரியம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். பின்னால் ஒன்பது மாடியும் வெள்ளையடித்து நின்றது. அதன் காலடியில் நாலு மயில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தம்பி சார் பேசினார்.

"பலர் கேட்கிறார்கள், இது வீடா, சுவரா என்று. நான் சொல்கிறேன், வீடு என்பது ஒரு மனோபாவம். அந்த மனோபாவத்தைத்தான் நாம் ரோட்டிலிருந்து தெரிகிற மாதிரி நிலைநிறுத்தியிருக்கிறோம். ஒரு செங்கல்லைக்கூட நாம் வெளியேற்றவில்லை! இதோ, இங்கே பல காலம் தாமசித்த சகோதரி. இவர் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பாருங்கள்."

உண்மையிலேயே இருந்தது. பொன்னாடையைத் தோளில் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஞானையன் அவள் கையைப் பிடித்திருந்தான். பிடித்த கை நனைந்திருந்தது. வியர்வை அவனுடையது.

மந்திரி நாடாவை வெட்டினார். கதவு கிறீச்சென்று திறந்தது.

அந்தச் சத்தம் கேட்டதும் தங்கபாய் கையை உருவிக்கொண்டாள். கண் தெரிகிறவள் நடக்கிற மாதிரி, நிமிர்ந்து, வேகமாகப் படியேறினாள். எண்ணவேண்டிய அவசியம்கூட இல்லாத நடை.

"தங்கபாய்! நில்லு! சொவரு!"

அவள் சிரித்துக்கொண்டே முழு வேகத்தில் போய் மோதினாள்.

பின்வரிசையில் இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஞானையன் ஓடிப்போய்ப் பிடித்தபோது நெற்றி பிளந்து, ரத்தம் வெள்ளைச் சேலையில் இறங்கியிருந்தது. அவள் விழவில்லை. ஒரு கையால் அந்தச் சுவரை, மேலும் கீழும், இடமும் வலமும், எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். எங்கும் முடியவில்லை. தம்பி சார் படியேறி வந்து எட்டிப் பார்த்து, "அடடா" என்றார். கைக்குட்டை உறுப்பினர் கைக்குட்டையை எடுத்தார். அதை வாங்கித் தம்பி சார் சுவரைத் துடைத்தார். பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் அஞ்சு தையல் போட்டார்கள். அடுத்த மாதம் சரசம்மா ஒரு கடிதம் கொண்டுவந்தாள். வாசலில் நின்றே, அழாமல் இருக்கப் பிரயாசைப்பட்டு, அதைத் தமிழில் சொன்னாள். பொதுமக்கள் உள்ளே நுழைய முற்படுவதால் முகப்பின் பாதுகாப்பை முன்னிட்டு கதவை நிரந்தரமாக ஆணியடித்து மூடத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு முன்னுதாரணம் அமைத்துக் கொடுத்த திருமதி தங்கபாய்க்குச் சமிதி நன்றி தெரிவிக்கிறது. சொல்லி முடித்ததும், கடிதத்தை உள்ளே கொடுக்காமல் தன் கைப்பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தையல் பிரித்தபிறகும் தங்கபாய் நடக்கவில்லை. காலுக்கு ஒன்றுமில்லை. கட்டிலைவிட்டு எழுந்ததும் இரண்டு கையும் தானாக முன்னால் நீளும். இருக்கிற சுவருக்கும் இல்லாத சுவருக்குமாகத் தடவிவிட்டு, ஒரு எட்டு வைத்து, நின்றுவிடுவாள். ஞானையன் பழைய கயிற்றை எடுத்துக் கட்டிப் பார்த்தான். கயிற்றைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். அவன் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். காலையில் கஞ்சி வைத்து, துணி துவைத்து, அவளைக் கைபிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான்.

ஒரு நாள் மத்தியானம், மழை ஓய்ந்து வெயில் வந்திருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் கீழே, அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னான்.

"அந்தச் சொவரு கெட்டினது நானாக்கும்."

"தெரியும்" என்றாள் தங்கபாய்.

"ஆரு சொன்னா? சரசம்மாவா?"

"ஆரும் சொல்லல்ல. அவ்வளவு பேரு நிண்ணாவ. சாருமாரு நிண்ணாவ, மந்திரி நிண்ணாரு. உள்ள சொவரு இருக்குண்ணு விளிச்சது நீங்க ஒருத்தருதானே."

அவன் மழை, வேலை இல்லாதது, லிங்கம் என்று ஆரம்பித்தான். அவள் அவன் தலைமேல் கை வைத்தாள். முடிக்குள் ஒட்டியிருந்த சிமெண்டுத் துகள் ஒன்றை நகத்தால் எடுத்துக் கீழே போட்டாள்.

"இண்ணைக்குக் காலத்த நீங்க வெச்ச கஞ்சி அடுப்பில இருக்கும்" என்றாள். "எடுத்துக் குடியுங்க. எனக்கும் கொஞ்சம் இஞ்ச கொண்டு தாங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், கண் போன அந்த வருஷத்தில்கூட, அவள் ஒருநாளும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. ஞானையன் எழுந்து ஏழெட்டு எட்டில் அடுப்புக்குப் போனான். இரண்டு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு, சிந்தாமல் மெல்ல நடந்து வந்தான்.